மருமகள் ஷிப்டுக்குப் போனால் குடும்பம் கெடுமா?

கேள்வி: என் மருமகள் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறாள். நைட் ஷிப்ட் வாரத்தில் என் மகன்தான் பேரனைக் குளிப்பாட்டி, சோறாக்கி வைக்கிறான். என் மனைவி ஒரு நாளும் வேலைக்குப் போனவள் அல்ல. மாடு, தக்காளித் தோட்டம், பிள்ளைகள் என்று வீட்டோடு இருந்தாள். ஆணுக்கு வெளிவேலை, பெண்ணுக்கு வீடு என்பதுதானே உலகம் தோன்றிய நாளிலிருந்து எல்லா நாட்டிலும் உள்ள முறை? இதை மாற்றினால் எங்கே போய் முடியும்?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ‘ஒரு நாளும் வேலைக்குப் போனவள் அல்ல’ என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே மாடு, தக்காளித் தோட்டம் என்கிறீர்கள். நாற்று நட்டு, களை வெட்டி, குச்சி ஊன்றிக் கொடியைக் கட்டி, பழம் பறித்து, பெட்டியில் அடுக்கி மார்க்கெட்டுக்கு வண்டி ஏற்றும் வரை அந்தத் தோட்டத்தில் யார் கை ஓடியது? இருட்டோடு எழுந்து பால் கறந்தது யார்? உங்கள் மனைவி வேலைக்குப் போகாதவர் அல்லர். கூலி வாங்காதவர். இரண்டும் ஒன்றல்ல.

சரி, எல்லா நாட்டிலும் இதுதான் முறையா? இல்லை. மேகாலயாவில் காசி இன மக்களிடம் குலம் தாய் வழியில் போகிறது. பூர்வீக வீடு கடைசி மகளுக்கு. பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கேரளத்தில் தாய்வழியில் சொத்துப் போன மருமக்கத்தாய முறையைப் பாருங்கள். நாயர் தரவாடு என்ற கூட்டுக் குடும்பங்களில் பிள்ளைகள் அம்மா வீட்டுப் பிள்ளைகள். அப்பாவைவிட மாமனுக்கே அதிகாரம். அந்தக் கூட்டுக் குடும்பச் சொத்து முறையை 1976இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால்தான் கேரள அரசு முடித்துவைத்தது.

உங்கள் மகனை நினைத்தால் எனக்கு வேறொரு ஊர் நினைவுக்கு வருகிறது. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் ‘அகா’ என்ற வேட்டைச் சமூகம் இருக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து வலை கட்டி வேட்டையாடுவார்கள். அங்கே அப்பாமார் கைக்குழந்தையைத் தூக்கிச் சுமப்பதும் தூங்க வைப்பதும் சர்வ சாதாரணம். அவர்களோடு தங்கி ஆராய்ந்த பாரி ஹ்யூலெட் என்ற மானுடவியலாளர், நாளில் ஏறக்குறைய பாதி நேரம் குழந்தை அப்பாவின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்று கணக்கெடுத்தார். அங்கே யாரும் அந்த அப்பாவை ஆண்மை குறைந்தவன் என்று பேசுவதில்லை. உங்கள் மகன் பேரனைக் குளிப்பாட்டுவது புதுமையும் அல்ல, கேடும் அல்ல.

அப்புறம், ஆண் சமைப்பது நம் பக்கம் புதிதா என்ன? மாரியம்மன் திருவிழா அன்னதானத்தில் அண்டா வைத்துச் சோறு வடிப்பவர்கள் யார்? கல்யாண வீட்டில் விடிய விடிய அடுப்படியில் வேகிறவர்கள் யார்? பெரிய பானைக் களியை நாலு கை மாற்றிக் கிண்டும் ஆண்களைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன் நான். ஊருக்குச் சமைத்தால் மரியாதை, தன் பிள்ளைக்குச் சமைத்தால் அவமானம் என்பதை எந்த இயற்கையும் சொல்லவில்லை. நாம்தான் சொல்கிறோம்.

எங்கே போய் முடியும் என்று கேட்டீர்கள். பழைய முறை எங்கே போய் முடிந்தது என்பதை இந்த மண்ணில் இருந்துகொண்டு நாம் மறக்கக் கூடாது. நிச்சயம் பண்ணுவதை இன்னமும் ‘பரிசம் போடுவது’ என்கிறோம். பரிசம் என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுத்தது. அவள் உழைப்புக்கு ஒரு மதிப்பு இருந்ததால்தான் கொடுத்தார்கள். பிறகு அது தலைகீழாகி, பெண் வீட்டார் நகையும் பணமும் கொடுக்கும் வழக்கமாயிற்று. பெண் பிறந்தால் செலவு என்று ஆனது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இன்றைய தர்மபுரி மாவட்டப் பகுதியில், ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொல்லி 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கேயும் வர வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரியில் அந்த 826, 913 ஆக ஏறியது. ஏறியது போதாது, ஆனால் ஏறியது.

ஏறியதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் பெண்ணின் கைக்குப் பணமும் பெயரில் சொத்தும் வந்ததற்கு அதில் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன். தமிழ்நாட்டு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் முதன்முதலில் தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். அதே 1989இல்தான், இந்துக் குடும்பங்களில் அன்றைக்குக் கல்யாணம் ஆகாதிருந்த மகள்களுக்கு மகனுக்குச் சமமாகப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. 2005இல் அது எல்லா மகள்களுக்குமாக நாடு முழுவதற்கும் வந்தது. உங்கள் மருமகள் ஏறும் கம்பெனி பஸ், அந்தப் பாதையில்தான் போகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் கொடுக்கிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். உங்கள் மகன் அந்த இருபத்தாறில் ஒருவர். தெருவில் யாராவது கேலி பேசினால் அவர் பக்கம் நில்லுங்கள்.

அடுத்த கடிதத்தில் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். இத்தனை வருஷம் உங்கள் மனைவி கறந்து ஊற்றினாரே, அந்தப் பால் சொசைட்டி அட்டை யார் பெயரில் இருக்கிறது?