படிப்பதையும் பார்ப்பதையும் விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இப்போதுதான் எனக்கென்று கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. போன மாதம் என்ன படித்தேன், கேட்டேன், பார்த்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். புத்தகக் காட்சியில் வாங்கிய இரண்டு நாவல்கள், ஒரு சிறுகதைத் தொகுப்பு. ரயிலில் போக வர பாட்டும் ஒலிநூலும். எல்லோரும் படுத்த பிறகு செல்போனில் ஒரு துப்பறியும் தொடர், பன்னிரண்டரை வரை. கடைசிப் பக்கத்தில் 'சின்னச் சந்தோஷங்கள்' என்று போட்டு, வீடு திரும்பியதும் ஏழு மணிக்கு மொட்டை மாடியில் குடிக்கும் காபி, தொட்டியில் முதல் தடவை பூத்த செம்பருத்தி, பெண்கள் பெட்டியில் பழக்கமான தோழியோடு பேச்சு என்று எழுதியிருக்கிறேன். ஆனால் அதே மாதத்தில் கண் எரிச்சல், எழுத்து மங்குவது, படுத்தால் இரண்டு காதிலும் 'கீ' என்று சத்தம், ஐந்து மணிக்கு எழுந்தால் அடித்துப் போட்டது போன்ற அலுப்பு. "எல்லாம் அந்தப் புத்தகத்தாலும் போனாலும்தான்" என்கிறார்கள் வீட்டில். எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமா டாக்டர்?
- வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம். உங்கள் நோட்டில் நான் கை வைக்கப்போவது இரண்டு மூன்று இடத்தில்தான். வீட்டில் சொல்வதுபோல எல்லாத் தொந்தரவுக்கும் ஒரே காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, அலுப்புக்கு வேறொன்று.

முதலில் எழுத்து மங்குவது. நாவலைப் படிக்கும்போது உங்களை அறியாமல் கையை நீட்டிப் புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கிறீர்களா? மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் பார்க்க ஜன்னல் பக்கம் போகிறீர்களா? ஏற்கெனவே கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடுபவரென்றால், படிக்கும்போது மட்டும் அதைக் கழற்றத் தோன்றுகிறதா? அப்படியானால் இது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நெகிழ்வு குறைந்து, கிட்டத்தில் இருப்பதைக் குவித்துப் பார்க்கும் திறன் போய்விடுகிறது. வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் தொடாதவருக்கும் இது வரும். நாவலுக்கு இதில் பங்கில்லை. கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று தள்ளிப்போடுபவர்கள் நிறைய. போட்டாலும் போடாவிட்டாலும் அறுபது வயதுவரை அது ஏறத்தான் செய்யும். போடாவிட்டால் தலைவலி மிச்சம். மங்கலான வெளிச்சத்தில் படித்தால் கண் கெட்டுவிடும் என்பதும் அப்படித்தான். கண் களைத்துப்போகும், கெட்டுப்போகாது.

தெருவில் ரெடிமேடாகக் கிடைக்கும் ரீடிங் கிளாஸை வாங்கி மாட்டிக்கொள்ளாமல், கண் மருத்துவரிடம் ஒரு முறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாற்பதுக்கு மேல் கண்ணழுத்த நோய் சத்தமில்லாமல் வரக்கூடியது. அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்க்காமல் கண்ணாடியோடு முடித்துக்கொள்வது பாதி வேலை.

எரிச்சல் வேறு கதை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவையாவது கண் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். கொலையாளி யார் என்று தெரியப்போகிற கட்டத்தில் இன்னும் குறையும் என்பது என் சொந்தச் சந்தேகம். சிமிட்டாத கண் காய்கிறது. மேலே முழு வேகத்தில் மின்விசிறி, கூடவே மாதவிலக்கு நிற்கப்போகும் வயது, இரண்டும் கண் உலர்வைக் கூட்டும். விசிறிக் காற்று நேராக முகத்தில் படாதபடி தலைகாணியை எதிர்ப்பக்கம் மாற்றிப் போடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபதடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை; அவ்வப்போது நிமிர்ந்து, கண்ணை முழுசாக மூடித் திறந்தால் போதும்.

கண்ணாடிக் கடையில் நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸ் போடச் சொல்வார்கள். காசு உங்களுடையது. ஆனால் 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திரையால் வரும் கண் களைப்பை அந்த லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை. இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: மெடிக்கல் ஷாப்பில் "கண் எரியுது" என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். இரண்டு நாளில் சுகமாக இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தமும் புரையும் வரும். உலர்வுக்கு வேண்டியது செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மட்டுமே. அதையும் பரிசோதனையின்போது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பன்னீர், தேன், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணுக்குள் வேண்டாம்.

சரி, காது. நான் மாற்றச் சொல்லும் முதல் இடம் இதுதான். மின்சார ரயிலின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சத்தத்தை அதற்கு மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும். மீனம்பாக்கத்தில் ரயில் நிற்கும்போது சரியாகக் கேட்டது, பழவந்தாங்கலுக்குக் கிளம்பியதும் கேட்காது. ஒரு புள்ளி ஏற்றுவீர்கள். கிண்டியில் இறங்குகிற கூட்டத்தின் சத்தத்துக்கு இன்னொரு புள்ளி. ஏற்றியதை யாரும் இறக்குவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபல் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் மிஞ்சும். போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால் உங்கள் ஒதுக்கீடு புதன்கிழமையே தீர்ந்துவிடும்.

வீட்டில், விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, பேச்சு தெளிவாகக் கேட்கிற அளவுக்குச் சத்தத்தை வையுங்கள். அந்தப் புள்ளிதான் உங்கள் எல்லை. ரயிலில் அது போதவில்லை என்றால் வெளிச்சத்தம் உள்ளே வராதபடி காதை நன்றாக அடைக்கும் ஹெட்ஃபோனோ, இரைச்சலைக் குறைக்கும் வகையோ வாங்குவது வீண்செலவு இல்லை. ஒலிநூலுக்கு இது இன்னும் முக்கியம். பாட்டில் ஒரு வரி போனால் போகட்டும் என்று விடுவோம், கதையில் ஒரு வாக்கியம் போனால் உடனே கை சத்தத்தைக் கூட்டப் போகும். தோழி ஏறும் நாட்களில் ஹெட்ஃபோனைப் பையில் போட்டுவிடுங்கள். காதுக்கும் ஓய்வு, உங்கள் கடைசிப் பக்கத்துக்கும் ஒரு வரி.

அந்தக் 'கீ' சத்தம் பெரும்பாலும் காது சத்தத்தில் களைத்ததன் அடையாளம். சத்தத்தைக் குறைத்தால் பலருக்கு அடங்கிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அடங்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரே காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ காத்திருக்க வேண்டாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். அதற்கான மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன் தரும். அதேபோல, கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுவது, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதப்பது, திரை இறங்கியதுபோல ஒரு பக்கம் மறைவது, இவையும் நாளை என்று ஒத்திப்போடக் கூடாதவை.

அலுப்புக்கு வருகிறேன். பன்னிரண்டரைக்கு முடித்து ஐந்துக்கு எழுந்தால் நாலரை மணி நேரம். உங்கள் வயதில் ஏழு மணி நேரமாவது வேண்டும். இந்தக் கணக்குக்கு ஸ்கேன் எதுவும் தேவையில்லை. இங்கேதான் நான் கறாராக இருக்கப்போகிறேன்: தொடரை வார நாட்களில் நிறுத்தி, சனி, ஞாயிறு பகலில் வீட்டு டிவியில் பாருங்கள். செல்போன் வெளிச்சத்தைவிட, அடுத்தது என்ன என்ற பதைப்புதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் பாதியில் அறுத்து முடிப்பதே அவர்கள் தொழில். பத்து மணிக்கு மேல் கை எதையாவது தேடினால் சிறுகதைத் தொகுப்பை எடுங்கள். ஒரு கதை முடிந்தால் முடிந்ததுதான்.

ஏழு மணிக் காபியில் உள்ள காஃபீனில் பாதி, நள்ளிரவிலும் உங்கள் உடம்பில் இருக்கும். மொட்டை மாடியைத் தொட எனக்கு மனசில்லை. அந்த நேரத்து டிகாக்‌ஷனை மட்டும் பாதியாக்குங்கள். முடிந்தால் முழுக் காபியை ஆபீஸில் நாலு மணிக்கு முடித்துவிட்டு, மாடிக்குப் பாலோ சுக்கு மல்லியோ கொண்டுபோங்கள்.

ஆனாலும் அலுப்பு முழுவதையும் தொடரின் தலையில் கட்டிவிட முடியாது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) சொல்கிறது. ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம் நான்கையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறி இறங்கினாலும் எழுத்து மங்கும். ரத்தசோகை இருந்தால் காது இரைச்சலும் வரலாம்.

கடைசிப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மனச்சோர்வைக் கண்டறிய நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, கடந்த இரண்டு வாரத்தில் எதிலாவது ஆர்வமோ மகிழ்ச்சியோ இருந்ததா என்பது. செம்பருத்தி பூத்ததை எழுதி வைத்தவரிடம் அதைக் கேட்கத் தேவையில்லை. ஆனால் எழுத ஒன்றும் தோன்றாமல், புத்தகம் திறக்கவும் மனம் வராமல் இரண்டு வாரம் போனால், அது சோம்பல் என்று நினைக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், அல்லது மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-க்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

முதலில் ரத்தப் பரிசோதனை, அந்த வாரத்திலேயே கண் பரிசோதனை. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். அன்றைக்கு ஒலிநூல் கைகொடுக்கும்.