பழைய சைக்கிள் ஹெட்செட்: எந்த ஸ்பேனர், எந்த மரை?

பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுப்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி ஹெட்செட்டைப் பற்றித்தான். ஹேண்டிலும் ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) லேசாகத் திரும்புவதற்காக ஃபிரேமின் முன் குழாயில் இருக்கும் குண்டு பேரிங்தான் அது. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு மொத்தமாக இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். எல்லாமே மரை போட்ட பழைய வகைக்கு மட்டும். 1990-களில் பரவிய, மேலே ஒரு மூடியும் ஆலன் போல்ட்டும் இருக்கும் மரையில்லாத வகைக்கு இதில் எதுவும் பொருந்தாது.

முன் பிரேக் பிடித்தால் ஹேண்டில் பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம். ஹெட்செட் லூஸ் என்கிறார்கள். என்ன ஸ்பேனர் வாங்குவது?

வாங்குவதற்கு முன்னால் லூஸாக இருப்பது ஹெட்செட்தானா என்று பாருங்கள். பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும், முன் சக்கரத்து ஹப் ஆடினாலும் இதே சத்தம்தான் வரும். ஹேண்டிலை முழுதாக ஒரு பக்கம் திருப்பி, பிரேக் பிடிக்காமலே சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். பிரேக்கின் ஆட்டம் கணக்கிலிருந்து போய்விடும். அசைக்கும்போது ஃபிரேமில் அடித்து இறக்கிய கப்பும் அதற்கு மேலே திருகியிருக்கும் கப்பும் சந்திக்கும் இடுக்கில் ஆட்காட்டி விரலை வைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும், ஒன்றின்மேல் ஒன்று லேசாக நகரும்.

ஹெட்செட்தான் என்று உறுதியானால், வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்துகொள்ளுங்கள். மேலிருந்து வரும் வரிசை இது: லாக் நட், வாஷர் (சிலவற்றில் விளக்கு மாட்டும் பட்டையும் நடுவில் இருக்கும்), அப்புறம் திருகு கப். ஃபோர்க் குழாய் 1 அங்குலமாக இருந்தால் பெரும்பாலும் 32 மி.மீ. ஸ்பேனர், சிலவற்றுக்கு 30. ஒன்றேகால் அங்குலத்துக்கு 40, அதற்கும் ஒரு அங்குலத்துக்கும் நடுவில் இருக்கும் ஒன்றே அரைக்கால் அங்குலத்துக்கு 36. நட்டும் கப்பும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, இரண்டையும் தனித்தனியாக அளங்கள்.

பலர் இரண்டு ஹெட்செட் ஸ்பேனர் வாங்கிவிடுகிறார்கள், தேவையில்லாத செலவு. மேல் நட் உயரமாகத்தான் இருக்கும், வாய் நன்றாக விரியும் எந்த அட்ஜஸ்டபிள் ஸ்பேனரும் அதற்குப் போதும். மெலிந்த ஸ்பேனர் வேண்டியது நட்டுக்குக் கீழே இருக்கும் திருகு கப்புக்கு மட்டும்தான், ஏனென்றால் அதன் தட்டை விளிம்பு குறுகலானது, சாதாரண 32-ஐ வைத்தால் பாதி கப்பிலும் பாதி வாஷரிலும் போய் உட்காரும். விளிம்பின் உயரத்தையும் அளந்துகொண்டு, அதைவிட மெலிந்ததாகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு மலிவான 32 ஸ்பேனரை இரண்டு பக்கமும் கிரைண்டரில் தேய்த்து மெலிய வைக்கலாம். நடுநடுவே தண்ணீரில் முக்கி எடுங்கள், நீலம் பாயும் அளவுக்குச் சூடானால் வாய் இளகிவிடும். என்னிடம் இருப்பதும் அப்படித் தேய்த்ததுதான், பார்க்கக் கேவலமாக இருக்கும், பல வருஷமாக உழைக்கிறது.

பைப் ரெஞ்ச் கையில் இருக்கிறது. அது போதாதா?

போதாது. ஒரு காலத்தில் அவசரத்தில் நானே ஒரு நல்ல குரோம் கப்பை அதால் கடித்துக் குதறியிருக்கிறேன், நாலு பல் தடம் இன்னும் அதில் இருக்கிறது. கப் லேசாக நசுங்கினாலே போதும், உள்ளே குண்டு ஓடும் பாதையின் வட்டம் கெட்டுவிடும். அதற்கப்புறம் எவ்வளவு சரி செய்தாலும் ஒரு இடத்தில் இறுகும், இன்னொரு இடத்தில் ஆடும்.

என் சைக்கிளில் திருகு கப்புக்குத் தட்டைப் பக்கமே இல்லை, உருண்டையாக, சுற்றிலும் வரி வரியாக இருக்கிறது. எந்த ஸ்பேனர் இதில் உட்காரும்?

எதுவும் உட்காராது, அது கையால் திருப்புவதற்காகச் செய்தது. கப்பின் வேலை ஆட்டத்தை நீக்குவதோடு முடிந்துவிடும், பூட்டி வைக்கும் பலம் முழுக்க மேல் நட்டுடையது. அதனால் கப்பை விரலால் இறுக்கி, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் நட்டை இறுக்கினால் சரியாகிவிட வேண்டும். துருவேறி அசைய மறுத்தால் மரையில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் ஒரு பழைய டியூப் துண்டைக் கப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துத் திருப்புங்கள், அல்லது ரப்பர் பட்டை போட்ட ஸ்ட்ராப் ரெஞ்ச் வாங்குங்கள். விளிம்பில் வரிகளுக்குப் பதிலாக வெட்டுப் பள்ளங்கள் இருந்தால் கொக்கி ஸ்பேனர் வேண்டும். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டுவது பலருக்குப் பழக்கம். வேண்டாம்.

கப்பைச் சரியாக வைக்கிறேன், வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. லாக் நட்டை இறுக்கியதும் ஹேண்டில் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது. என் கையில்தான் ஏதோ தப்பா?

கையில் தப்பு இல்லை. ஆணும் பெண்ணுமாகச் சேரும் எந்த மரையிலும் மயிரிழை இடைவெளி இருக்கும். நட் இறுகும்போது அந்த இடைவெளி அளவுக்குக் கப்பைக் கீழே தள்ளும், அந்தத் தள்ளல் நேரே குண்டுகளின் தலையில் இறங்கும். அதனால் நட் போடுவதற்கு முன்னால் துளி ஆட்டம் இருக்கும்படியாகவே கப்பை வையுங்கள். எவ்வளவு துளி என்பது ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறு, மூன்று நாலு முறை கழற்றிப் பூட்டினால் பிடிபட்டுவிடும். எனக்கு இன்னும் முதல் தடவையிலேயே அமைவதில்லை.

இன்னொரு வழி, எனக்கு இதுதான் பிடிக்கும்: நட்டை இறுக்கிய பிறகும் கொஞ்சம் கூடுதல் இறுக்கம் இருக்கிறதா, நட்டை மேல் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மெலிந்த ஸ்பேனரால் கப்பை மேல்நோக்கி, அதாவது கழற்றும் பக்கமாக, ஒரு நூலளவு திருப்புங்கள். குண்டின் மேல் இருக்கும் பாரமும் குறையும், பூட்டும் இன்னும் இறுகும்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஃபிரேமைச் சாய்த்தால் சக்கரம் தானாக ஒரு பக்கம் விழ வேண்டும், விரல் வைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. இரண்டும் சேர்ந்து அமைந்தால் வேலை முடிந்தது. பிரேக் கம்பி இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை விழ விடாமல் ஏமாற்றும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஹேண்டிலைக் கழற்ற வேண்டுமா?

ஆட்டம் நீக்க மட்டும் என்றால் வேண்டாம். கிரீஸ் மாற்றவோ குண்டு மாற்றவோ என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்: ஸ்டெம்மின் (ஹேண்டிலைத் தாங்கி ஃபோர்க் குழாய்க்குள் இறங்கும் தண்டு) மேல் போல்ட்டை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, போல்ட் தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு இறங்கிக் குழாய் விடுபடும். போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு ஹேண்டிலோடு மல்லுக்கட்டாதீர்கள்.

புது லாக் நட் வாங்கினேன். இரண்டு சுற்று போய் நின்றுவிட்டது. அழுத்தித் திருகலாமா?

ஐயோ, வேண்டாம்! அது வேறு மரை. பெரும்பாலான சைக்கிளில் 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 24 சுற்று. ராலே தன் பழைய சைக்கிள்களில் 26 சுற்று போட்டது, அதில் 24 நட் இரண்டு மூன்று சுற்று ஏறிவிட்டுத்தான் மக்கர் பண்ணும். பழைய பிரெஞ்சு சைக்கிளில் விட்டமே 25 மி.மீ., மரை 1 மி.மீ. இடைவெளி. ஸ்பேனருக்கு முன்னாலேயே மரை அளக்கும் கேஜ் ஒன்று வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான், சீப்பு மாதிரி இருக்கும் அந்தத் தகடு மரையில் இடைவெளியில்லாமல் பொருந்தினால் அதுதான் உங்கள் மரை. கேஜ் இல்லையென்றால் ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை முகடு என்று எண்ணுங்கள், 24-க்கும் 26-க்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

முழு செட்டாக மாற்றப் போகிறீர்கள் என்றால் ஃபோர்க்கின் அடியில் கோன் (கீழ்க் குண்டுகள் ஓடும் வளையம்) உட்காரும் இடத்தையும் அளங்கள்: 26.4 மி.மீ. ஒரு வகை, 27.0 இன்னொரு வகை. அரை மில்லிமீட்டர்தானே என்று அடித்து இறக்கினால் கோன் வெடித்துவிடும்.

நேராக ஓட்டும்போது ஹேண்டில் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நிற்கிறது. எவ்வளவு லூஸ் பண்ணினாலும் போகவில்லை.

பள்ளத்தில் விழுந்த மாதிரி இல்லை, நிஜமாகவே பள்ளம்தான். வருஷக்கணக்கில் நேராகவே ஓடியதில் குண்டுகள் ஒரே இடத்தில் அதிர்ந்து அதிர்ந்து, பாதையில் சின்னச் சின்னக் குழிகளைப் போட்டிருக்கும். அடிக் கோனைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், அம்மைத் தழும்பு மாதிரி வரிசையாகத் தெரியும். ஸ்பேனரால் தீராது. பாதை மாற்ற வேண்டும், அதற்குரிய மாற்றுக் கிடைக்காத பழைய சைக்கிள் என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது: குண்டுகளைப் பிடித்திருக்கும் வளையத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே அளவுக் குண்டுகளை (பெரும்பாலும் 5/32 அங்குலம், எதற்கும் அளந்துகொள்ளுங்கள்) உதிரியாகக் கிரீஸில் பதித்து வையுங்கள். வளையத்தில் இருந்ததைவிட எண்ணிக்கை கூடும், குண்டுகளும் பழைய குழிகளும் ஒரே நேரத்தில் சந்திக்காது. நெருக்கி அடைக்காமல், ஒரு குண்டுக்குக் கொஞ்சம் குறைவான இடம் காலியாக இருக்கட்டும். தரையில் பழைய போர்வையை விரித்துவிட்டு ஃபோர்க்கை இறக்குங்கள். வெறும் சிமெண்ட் தரையில் விழுந்த பால்ரஸ் குண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, நான் ஒன்றை இரண்டு மாதம் கழித்து என் செருப்புக்குள் கண்டெடுத்தேன்.