இசட் புள்ளியை ஜிபிஏ கட்டத்தில் எழுதலாமா?

கேள்வி: மகன் இலங்கை உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவு. 2 ஏ, 1 பி. இசட் புள்ளி 1.8. அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் ஜிபிஏ (பள்ளித் தரங்களின் சராசரி) கேட்கிறார்கள். 1.8 என்று எழுதலாமா? நியூஜேர்சியில் இருக்கும் அண்ணாவின் மகளுக்கு 4.3 என்கிறார்கள். ஜிபிஏ நாலுக்குத்தானே, அது எப்படி?
– ஒரு தாய், கோப்பாய்

பதில்: தங்கச்சி, 1.8 என்று மட்டும் எழுத விடாதீர்கள். அவர்கள் கணக்கில் ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1. நாலுக்கு 1.8 என்றால் சராசரியாக சி கூட எடுக்காத பிள்ளை. உங்கள் மகனோ இரண்டு ஏ எடுத்தவன்!

இசட் புள்ளி வேறு விதமான கணக்கு. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியில் இருந்து, அந்த வருடம் அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியில் இருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) பிரிப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் வருவதன் சராசரிதான் உங்களுக்குக் கிடைத்த 1.8. அதில் பூச்சியம் என்றால் நடுத்தரம். ஜிபிஏயில் மற்றவர்களின் புள்ளி கணக்குக்கே வராது. 9ஆம் வகுப்பில் இருந்து 12 வரை எடுத்த தரங்களை எண்ணாக்கி, கூட்டிப் பிரிப்பார்கள், அவ்வளவுதான். அரை வருடப் பாடத்துக்குப் பாதி நிறை.

மருமகளின் 4.3க்கு வருவோம். ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி மட்டப் பாடங்கள்) போன்ற கடினமான பாடங்களில் எடுத்த ஏ தரத்துக்குப் பல பள்ளிகள் 5 கொடுக்கும். அதனால் நாலைத் தாண்டும். எல்லாப் பள்ளியும் அப்படிச் செய்வதில்லை.

சரி, மகனின் தரங்களை நாமே மாற்றிப் போடலாமா? உயர்தரத்துக்கு முன் எழுதிய சாதாரண தரப் பரீட்சையில் 6 ஏ, 2 பி, 1 சி என்று வைத்தால் 24, 6, 2, மொத்தம் 32. ஒன்பதால் பிரிக்க 3.56. கணக்கு இலகுதான், ஆனாலும் செய்ய வேண்டாம் என்பேன். இங்கே 75 எடுத்தாலே ஏ. அங்கே பெரும்பாலும் 90க்கு மேல்தான் ஏ, 78 என்றால் சி பக்கம். தவணைப் புள்ளிகளைப் பார்த்து யாராவது மாற்றப் போனால் நல்ல பிள்ளையின் ஏ சியாகிவிடும். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் வெளிநாட்டுத் தரங்களை மாற்றாமல் உள்ளபடியே தரச் சொல்கிறது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான கொமன் ஆப் விண்ணப்பத்தில், பள்ளிக்கூடம் ஜிபிஏ போடுவதில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடலாம். ஜிபிஏ போட்டுத் தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அதிபரிடம் போய், தவணைப் புள்ளிகளோடு ஓர் ஆங்கிலக் கடிதம் கேளுங்கள். உயர்தரத்தில் ஏ 75, பி 65, சி 55, எஸ் (சாதாரண சித்தி) 35 என்ற எல்லைகள் அதில் கட்டாயம் இருக்கட்டும். இசட் புள்ளியையும் அந்தக் கடிதத்திலேயே, அது என்ன என்று இரண்டு வரி விளக்கத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் ஆங்கிலப் பெறுபேற்றுச் சான்றிதழும் வேண்டும். பள்ளிக்கூடம் விடுமுறை விடமுன் போங்கள்.