மாதத் தவணை மட்டுமா காடிச் செலவு? கேள்வி பதில்

கோலாலம்பூரில் ஒரு வங்கியின் காடி (கார்) கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். காடி வாங்குவதும் வைத்திருப்பதும் கையைக் கடிக்கிறது என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். கணக்குகள் தீபகற்ப மலேசியாவில் ஓடும் சொந்தக் காடிகளுக்கானவை; வெள்ளி என்றால் ரிங்கிட்.

செந்தூல் தம்பி: அண்ணே, சம்பளம் 2,800 வெள்ளி. 60,000 வெள்ளிக் கடனை 9 வருஷத்துக்குப் போட்டால் மாதம் 700 சொச்சம்தான் வருமாம். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள் தம்பி. அந்த 700-ஐ மட்டும் பார்க்க வைப்பதுதான் சேல்ஸ்மேன் வேலை. ஃபிளாட் வட்டி 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 9 வருஷத்துக்கு வட்டி மட்டும் 16,200 வெள்ளி. மொத்தம் 76,200, அதை 108 மாதமாகப் பிரித்தால் 706. இதே கடனை 5 வருஷத்தில் முடித்தால் வட்டி 9,000தான், ஆனால் தவணை 1,150 ஆகிவிடும். அந்த 1,150 கட்ட முடியாது என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் இந்தக் காடி உங்கள் சம்பளத்துக்கு மேலே இருக்கிறது. தவணையைச் சின்னதாகக் காட்டத்தான் வருஷத்தை நீட்டுகிறார்கள்.

இன்னொன்று. ஃபிளாட் வட்டியில் நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது, முதல் நாள் கடனுக்கே கடைசி வரை வட்டி போடுவார்கள். வீட்டுக் கடன் மாதிரி மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால் அந்த 3 உண்மையில் 5.5 பக்கம் வரும்.

இபிஎஃப், சொக்சோ பிடித்தம் போக உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 2,470. தவணை 706. பெட்ரோல், டோல், பார்க்கிங், சர்வீஸ், வருஷ இன்சூரன்ஸுக்கு எடுத்து வைப்பது எல்லாம் சேர்த்து சிக்கனமாக ஓட்டினாலும் 500 வைத்துக்கொள்ளுங்கள். பாதிச் சம்பளம் காடிக்கே போய்விட்டது. வாடகை, சாப்பாடு, அம்மாவுக்குக் கொடுப்பது எல்லாம் எதிலிருந்து வரும்?

25,000 கடனுக்குள் ஒரு 1.0 லிட்டர் காடியைப் பாருங்கள், பழையதானாலும் பரவாயில்லை. 5 வருஷத்தில் முடித்துவிடலாம். 2023-இல் வந்த பெரோடுவா ஆக்சியா இ ரகம் 22,000 வெள்ளிதான், ஆனால் அது கையால் கியர் மாற்றும் காடி. ஆட்டோமேட்டிக் காடிக்கான லைசென்ஸ் மட்டும் எடுத்திருந்தால் ஓட்ட முடியாது.

கிள்ளான் சகோதரி: பின் பம்பரை நானே இடித்துக்கொண்டேன். பட்டறையில் 900 வெள்ளி கேட்கிறார்கள். இன்சூரன்ஸில் கிளைம் பண்ணலாமா?

முதலில் உங்கள் என்சிடி, அதாவது கிளைம் செய்யாததற்குப் பிரிமியத்தில் கிடைக்கும் கழிவு, எவ்வளவு என்று பாருங்கள். கிளைம் இல்லாமல் ஓட்டினால் அது வருஷா வருஷம் 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று ஏறும். நீங்களே இடித்ததற்குக் கிளைம் செய்தால் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

அடிப்படைப் பிரிமியம் 1,500 வெள்ளி, உங்களுக்கு 55 விழுக்காடு கழிவு என்று எடுத்துக்கொள்வோம். கிளைம் செய்த மறு வருஷம் 825 வெள்ளி கூடுதலாகக் கட்டுவீர்கள். அப்புறம் 450, 375, 250, 150. மறுபடி 55-க்கு வந்து சேர்வதற்குள் ஏறக்குறைய 2,050 வெள்ளி போயிருக்கும், அதற்கு மேல் சேவை வரி வேறு. 900-ஐக் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள்.

அடுத்தவர் வந்து இடித்திருந்தால் கதையே வேறு. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்யுங்கள். தப்பு அவர் மீது என்று உறுதியானால் உங்கள் இன்சூரன்ஸ் வழியாகவே கிளைம் செய்தாலும் என்சிடி போகாது.

கிள்ளான் என்பதால் கேட்காமலே ஒன்று சொல்கிறேன். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் பக்கத்து ஷா ஆலமில் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது இது தெரியாமல் தவித்த குடும்பங்கள் உண்டு. தயவு செய்து சேர்த்துவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் நண்பர்: பழைய 2.0 செடான் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

சாலை வரி 1.5-க்கு 90 வெள்ளி, 2.0-க்கு 379. அதுகூடப் பெரிதில்லை. பெட்ரோலும் ஸ்பேர் பார்ட்ஸும்தான் வதைக்கும். விலை மலிவு என்பதற்காக மட்டும் வேண்டாம்.

பட்டர்வொர்த் தம்பி: தெரிந்தவர் காடியை 'சம்புங் பாயார்' எடுக்கச் சொல்கிறார். 3,000 கொடுத்துவிட்டு மாதத் தவணையை நான் கட்டினால் போதுமாம். லோன் கிடைக்காத எனக்கு வேறு வழி?

தம்பி, இதில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். நம் பிள்ளைகள் நிறைய பேர் இதில் அடிபடுவதைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன்.

கடன் முடியும் வரை காடி வங்கியுடையது. வங்கிக்குத் தெரியாமல் அதை இன்னொருவருக்குக் கைமாற்ற அவருக்கு உரிமையே கிடையாது. நீங்கள் நாலு வருஷம் ஒழுங்காகக் கட்டினாலும் பெயர் அவருடையது. இன்சூரன்ஸ் அவர் பெயரில், என்சிடி அவருக்கு. காடி திருடு போனால் நஷ்டஈடு வங்கிக்கும் அவருக்கும்தான். நீங்கள் அவரிடம் தவணைப் பணத்தைக் கொடுத்து, அவர் வங்கியில் கட்டாமல் விட்டால், ஒரு நாள் காலையில் வாசலில் காடி இருக்காது.

அவருக்கும் நிம்மதி இல்லை. நீங்கள் வாங்கும் சம்மன் அவருக்குப் போகும், தவணை பிந்தினால் அவருடைய சிசிரிஸ் பதிவுதான் (வங்கிகள் பார்க்கும் கடன் வரலாறு) கெடும்.

லோன் ஏன் கிடைக்கவில்லை என்று முதலில் கண்டுபிடியுங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவில் உங்கள் சிசிரிஸ் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். பழைய பாக்கி இருந்தால் கட்டி முடித்து, ஒரு வருஷம் பொறுத்துத் திரும்பக் கேளுங்கள். அதுவரை மோட்டார் சைக்கிள் போதும். பினாங்குப் பாலத்தில் அதற்கு டோலும் கிடையாது.

காஜாங் அக்கா: கணவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு காடி ஓடுகிறது. குறைக்க வழி உண்டா?

இருவரில் யாருடைய வேலை இடம் எம்ஆர்டி, எல்ஆர்டி ரயில் பக்கம் என்று பாருங்கள். மை50 என்ற பயண பாஸ் 30 நாளைக்கு 50 வெள்ளிதான். ஸ்டேஷன் வரை ஒரே காடியில் போய் இறங்கினால் இரண்டாவது காடியை விற்றுவிடலாம். விற்கும்போது புஸ்பாகோம் வாகனச் சோதனை முடித்து, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பெயரை மாற்றிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

கெப்போங் நண்பர்: மின்சாரக் காடி எடுத்தால் மிச்சமா?

தரை வீடாக இருந்து இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட முடிந்தால் யோசிக்கலாம். அடுக்குமாடி என்றால் நான் அவசரப்பட மாட்டேன். சாலை வரி விலக்கு 2025-ஓடு முடிந்துவிட்டது. முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் காடிகளுக்கான வரிச் சலுகையும் அப்படியே. இங்கேயே பொருத்தப்படுபவற்றுக்கு 2027 கடைசி வரை உண்டு.

ரவாங் ஐயா: மகன் வேலை போய் இரண்டு மாதத் தவணை நின்றுவிட்டது. நான்தான் ஜாமீன். காடியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்களா?

ஐயா, இரண்டு தவணை தொடர்ந்து நின்றால் வங்கி நடவடிக்கையைத் தொடங்கலாம். ஆனால் முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பி 21 நாள் கொடுத்தாக வேண்டும். காடி விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இழுக்க முடியாது.

நோட்டீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் ஜாமீன் என்பதால் பாக்கிக்கு உங்களையும் கேட்பார்கள். நாளைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய், தவணையைக் குறைத்து மாற்றி எழுதச் சொல்லிக் கேளுங்கள். வேலை நீக்கக் கடிதம், கடன் ஒப்பந்தம், மைகார்டு அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். மகனுக்கு வேறு கடன்களும் இருந்தால் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே அலுவலகத்துக்கும் போங்கள். அங்கே ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை, வங்கியிடம் அவர்களே பேசுவார்கள்.