டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தே ஆகணுமா? கேள்வி பதில்

22 வருஷமா கார் ஓட்டச் சொல்லித் தர்றேன். புதுசா ஓட்டப் பழகுறவங்க கேட்டதுக்கு என் பதில்கள்.

ஈரோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, அப்பாவே கார் ஓட்டக் கத்துத் தர்றேன்னு சொல்றார். ஸ்கூல் கட்டாயமா?

சொந்தக் காருக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை தம்பி. எல்.எல்.ஆர். (ஓட்டிப் பழகுறதுக்கான லைசென்ஸ்) வாங்கி 30 நாள் கழிச்சு டெஸ்டுக்குப் போகலாம். லாரி, பஸ்ஸுக்குத்தான் ஸ்கூல் தர்ற பயிற்சிச் சான்றிதழ் (படிவம் 5) இல்லாம லைசென்ஸ் கிடையாது. காருக்கும் அதே மாதிரி கட்டாயமாக்கணும்னு நான் பல வருஷமா சொல்லிட்டு வர்றேன்.

காரணம் இதுதான். எங்க வண்டியில என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. போன மாசம் ஒரு பையன் சந்துல திரும்பும்போது பால்காரர் சைக்கிள் குறுக்கே வந்துடுச்சு. பதற்றத்துல பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை அமுக்கிட்டான். என் பக்கத்து பிரேக்கை மிதிச்சேன். பம்பருக்கும் பால் கேனுக்கும் நடுவுல ஒரு முழம்தான் இருந்துச்சு. அந்த சீட்ல உங்கப்பா இருந்திருந்தா ஹேண்ட் பிரேக்கைத்தான் இழுத்திருக்கணும். அதுக்கு நேரம் இருந்திருக்காது.

அப்பாகிட்டதான் பழகுவேன்னா, அவர்கிட்ட கார் லைசென்ஸ் இருக்கணும், பக்கத்துலயே உட்காரணும், முன்னும் பின்னும் வெள்ளையில சிவப்பு ‘எல்’ இருக்கணும். இது இல்லாம ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸும் சிக்கல்.

மதுரை: 10 நாள்ல லைசென்ஸ் வாங்கித் தர்றோம்னு ஒரு ஸ்கூல்ல சொல்றாங்களே?

நம்பாதீங்க சார். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆகாம டெஸ்டே கிடையாது. விதிப்படி கார் பயிற்சின்னா குறைஞ்சது 21 நாள், அதுல 10 மணி நேரம் நீங்களே ஓட்டியிருக்கணும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி அதைக் கேளுங்க. மேட்டுல நிறுத்தி, வண்டி பின்னால போகாம கிளப்பச் சொல்லித் தருவாங்களான்னும் கேளுங்க. டெஸ்டுக்காக ‘ஹெச்’ வடிவத்துல ஓட்டறதை மட்டும் மனப்பாடம் பண்ணவங்க மேம்பாலத்துல டிராஃபிக் நின்னா திணறிப் போறாங்க.

திருச்சி: ஸ்கூல்ல படிச்சா ஆர்.டி.ஓ. டெஸ்ட் வேண்டாமாமே?

எல்லா ஸ்கூலுக்கும் இல்லை. 2021 ஜூலைல வந்த விதிப்படி அங்கீகாரம் வாங்கின பயிற்சி மையத்துல படிச்சுத் தேறினாத்தான் அந்தச் சலுகை. மொத்தம் 29 மணி நேரம், அதுல 21 மணி நேரம் ஓட்டுறது.

கோவை: ஜெர்மனியில இருக்கிற என் தங்கச்சி, அங்க கிளாஸ் போகாம லைசென்ஸே இல்லைங்கறா. நிஜமா?

நிஜம்தான். கார் லைசென்ஸுக்கு 90 நிமிஷ வகுப்பு 14. அதோட ஊருக்கு வெளியே, ஆட்டோபான்ங்கற அதிவேக நெடுஞ்சாலையில, ராத்திரியிலன்னு 12 கட்டாயப் பயிற்சி. நம்மகிட்ட ராத்திரி ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காம லைசென்ஸ் வாங்கிடலாம். எனக்கு மனசு கேட்கலை.

சேலம்: பையனுக்கு 17 வயசு. தெருவுக்குள்ள மட்டும் காரை ஓட்டட்டுமா?

கூடவே கூடாது. பிடிபட்டா பெத்தவங்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை ஜெயிலும் உண்டு. பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடைக்காது.

நாமக்கல்: எனக்கு 48 வயசு. ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்குது. கத்துக்க முடியுமா?

முடியும்மா. நடுங்குறவங்கதான் கண்ணாடியை ஒழுங்காப் பார்க்கிறாங்க. காலையில 6 மணி வகுப்பைக் கேட்டு வாங்குங்க, ரோடு காலியா இருக்கும். முதல் ரெண்டு நாள் ஆக்ஸிலேட்டரைத் தொடாம, கிளட்சை மட்டும் மெதுவா விட்டு வண்டி நகர்றதைப் பழகுங்க. அது கால்ல பதிஞ்சுட்டா கை தானா நிதானமாயிடும்.