உறைந்த எலியைப் பாம்பு தொட மறுத்தால் எப்படித் தயார்செய்வது?

கடைகளில் உறையவைத்து விற்கும் எலியை உருக்கி, சூடாக்கிக் கொடுப்பதுதான் உறைந்த இரை. கோலாலம்பூரில் பலர் வளர்க்கும் பால் பைதான் (ball python) என்ற மலைப்பாம்பு வகை இதை ஒதுக்கினால், முதலில் சூட்டைப் பாருங்கள். அதன் உதட்டோரக் குழிகள் இரையின் உடல்வெப்பத்தை உணர்பவை. குளிர்ந்த எலி அதற்கு இரையாகவே தெரியாது. பிரிட்ஜிலிருந்து எடுத்த மீன் குழம்பு மணக்காது, அடுப்பில் ஏற்றினால் பக்கத்து வீடுவரை மணக்கும் இல்லையா? அப்படித்தான் இதுவும்.

முதல்நாள் இரவே எலியைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மேசைமேல் வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அப்புறம் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஏறக்குறைய 40 டிகிரி வெந்நீரில் மூழ்கவையுங்கள். வயிற்றை அழுத்திப் பாருங்கள், நடுவில் கட்டியாக இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்: ஓரிடம் வெந்துவிடும், ஓரிடம் உறைந்தே கிடக்கும். ஈரத்தைத் துடைத்து, தலையை மட்டும் இன்னொருமுறை சூடாக்கி, இருட்டியபின் நீளமான இடுக்கியால் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். தொடாவிட்டால் தூக்கிப் போடுங்கள். மறுபடி உறையவைக்காதீர்கள்.

கூண்டையும் கவனியுங்கள். ஏர்கோன் ஓடும் கொண்டோ அறையில் பாம்புக்கு வெதுவெதுப்பான மூலை இல்லையென்றால் பசியும் வராது, செரிமானமும் சரியாக நடக்காது. தோலுரிக்கும் முன் பட்டினி கிடப்பது இயல்பு, தொந்தரவு செய்யாதீர்கள்.

“சாப்பிடாத பாம்புக்கு உயிருள்ள எலிதான் வழி” என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பசிக்காத பாம்போடு அடைபட்ட எலி பாம்பையே கடித்துக் குதறிவிடக்கூடும்.