தர்ஜினியும் அவரது உயரமும் – கடிதம்

வணக்கம்.

இலங்கை வலைப்பந்தாட்டம் பற்றிய உங்கள் கட்டுரையில், தர்ஜினி சிவலிங்கத்தை இந்த நாடு கண்ட மிகச் சிறந்த வீராங்கனைகளுள் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். அதை வைத்து எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஆறடி பத்தங்குல உயரமுள்ள எவரை வளையத்தின் கீழே நிறுத்தினாலும் கோல் போடுவார், அதில் திறமை எங்கே இருக்கிறது என்று என் தம்பி கேட்கிறான். 2019 உலகக் கிண்ணத்தில் அவர்தான் அதிக கோல் போட்டார், ஆனால் அணி 15ஆவது இடத்துக்குத்தானே வந்தது என்றும் சொல்கிறான். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மகளுக்குப் பதினான்கு வயது. வகுப்பிலேயே அவள்தான் உயரம். பாடசாலை அணியில் அவளைக் கோல் சூட்டராக நிறுத்தியிருக்கிறார்கள். மாமன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அதுக்கு என்னத்துக்கு நான், ஏணி ஒண்டு வைக்கலாமே" என்று சொல்லிப் பயிற்சிக்குப் போக மறுக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

அன்புடன்,
க., வவுனியா

அன்புள்ள க.,

உங்கள் தம்பி சொல்வதில் ஒரு பகுதி உண்மை. அதை மறைத்துத் தர்ஜினியைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரது உயரம் 2.08 மீற்றர். வலைப்பந்தாட்டத்தில் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. களத்தில் நிற்கும் எழுவரில் கோல் சூட்டர், கோல் அட்டாக் ஆகிய இருவர் மட்டுமே, அதுவும் 4.9 மீற்றர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுதான், பந்தை வளையத்துக்குள் போடலாம். இப்படி விதிக்கப்பட்ட ஆட்டத்தில் உயரம் பெரும் அனுகூலம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் உங்கள் தம்பி பார்ப்பது பந்து தர்ஜினியின் கைக்கு வந்த பிறகு நடப்பதை மட்டும். ஆட்டம் அதற்கு முன்னரே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வலைப்பந்தாட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் வந்த பந்தை மூன்று வினாடிகளுக்குள் கொடுத்துவிட வேண்டும் அல்லது எறிந்துவிட வேண்டும். களம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒரு முழுப் பகுதியை எவரும் தொடாமல் தாண்டிப் போகும்படி பந்தை எறிவதற்கும் விதி இடம் தருவதில்லை. ஆகவே பின்களத்திலிருந்து ஒருவர் உயர எறிய, முன்களத்தில் தர்ஜினி எட்டிப் பிடித்துக்கொள்வது என்பது நடக்காத காரியம். பந்து கை மாறிக் கை மாறி அரைவட்டத்தின் விளிம்புக்கு வர வேண்டும். அங்கே விங் அட்டாக், சென்டர் எனப்படும் நடுக்கள வீராங்கனைகளில் ஒருவர், தம் முன்னே கைகளை விரித்து நிற்பவரைத் தாண்டி அதை உள்ளே செலுத்த வேண்டும்.

அரைவட்டத்துக்குள் இருப்பவர்கள் நால்வர் மட்டுமே. அவர்களுள் இருவர் எதிரணியின் காவலர்கள். அந்த இருவரின் முழு வேலையும் தர்ஜினிக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள சிறு இடத்தை அவர் பிடித்துக்கொள்ள விடாமல் செய்வதுதான். ஒருவர் அவருக்கு முன்னே நின்று பந்து வரும் வழியை அடைப்பார். மற்றவர் பின்னால் நின்று அவரை எல்லைக்கோட்டுப் பக்கம் ஒதுக்கப் பார்ப்பார். ஆட்டத்தைப் பாதிக்கும்படி எதிராளியின் மீது உடல் பட்டால் தண்டனை கிடைக்கும் என்பதால் தர்ஜினி அவர்களைத் தள்ளவும் முடியாது. தாம் நிற்கும் இடத்தைக் கால்களாலும் இடுப்பாலும் காத்துக்கொண்டு, பந்து வரும் கணத்தில் சரியான பக்கம் ஓரடி எடுத்து வைத்து, தலைக்கு மேலே கைகளை முழுதாக நீட்டிப் பிடித்து, முதலில் ஊன்றிய காலைத் தூக்கினால் பந்தை எறியாமல் மறுபடி ஊன்றக்கூடாது என்ற விதியையும் மீறாமல் நிலைகொள்ள வேண்டும். அதன் பிறகுதான் உங்கள் தம்பி சொல்லும் கோல் வருகிறது. கூடைப்பந்தாட்டத்தில் இருப்பதுபோல வளையத்துக்குப் பின்னால் பலகையும் இல்லை. சற்றே விலகிப் போன பந்தை உள்ளே திருப்பிவிடுவதற்கு அங்கே எதுவும் கிடையாது.

இவ்வளவும் எதிரணி முன்கூட்டியே அறிந்த நிலையில் நடந்தன என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். இலங்கை ஆடும்போது பந்து யாரிடம் போகும் என்பது எதிரணிக்கும் மத்தியஸ்தர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் தெரிந்தே இருந்தது. அதற்கென்றே திட்டம் வகுத்து வந்த அணிகளுக்கு எதிராக, 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில் அவர் சிறந்த கோல் சூட்டராகத் தேர்வானார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, நாற்பது வயதை ஒட்டிய நிலையில், லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கோல்களைப் போட்டு அதிக கோல் போட்டவர் ஆனார்.

இனி அந்த 15ஆவது இடத்துக்கு வருகிறேன். பங்கேற்றவை 16 அணிகள். கடைசிக்கு முந்திய இடம் பிடித்த அணியில்தான் அந்தத் தொடரில் அதிக கோல் போட்டவர் இருந்தார் என்பதைத் தர்ஜினிக்கு எதிரான சான்றாகத் தம்பி எடுக்கிறார். நான் நேர்மாறாக எடுக்கிறேன். பெரிய அணிகளில் கோல்கள் இரு சூட்டர்களுக்கும் பகிரப்படுகின்றன; முடிவு உறுதியான ஆட்டங்களில் முதல்நிலைச் சூட்டருக்கு ஓய்வும் கொடுக்கிறார்கள். இலங்கைக்கு அந்த வசதி இல்லை. அந்த அணி சிங்கப்பூரை 88-50 என்று வென்ற ஆட்டத்தில், பந்து அரைவட்டத்துக்குத் தடையின்றி வந்து சேரும்போது என்ன நடக்கும் என்பதைக் கண்டோம். அவுஸ்திரேலியா போன்ற அணிகளோ தர்ஜினியை வளையத்தடியில் தடுப்பதைவிட, அவரிடம் பந்து வரும் பாதையை நடுக்களத்திலேயே வெட்டின. வந்து சேராத பந்தை எவரும் கோலாக்க முடியாது.

ஜமெய்க்காவின் ஜனீல் ஃபவுலரை எண்ணிப் பாருங்கள். அவர் 1.98 மீற்றர் உயரமானவர். தர்ஜினியைப் போலவே அரைவட்டத்துக்குள் உயர வரும் பந்தைப் பிடித்து ஆடுபவர். ஜமெய்க்கா 2022 பொதுநலவாய விளையாட்டு விழாவில் வெள்ளிப் பதக்கமும் 2023 உலகக் கிண்ணத்தில் வெண்கலமும் வென்றது. ஃபவுலர் பல ஆண்டுகள் அவுஸ்திரேலியாவின் தொழில்முறைத் தொடரில் ஆடியவர். அவரது தேசிய அணித் தோழிகள் பலரும் வெளிநாட்டுத் தொழில்முறை அணிகளில் ஆடுபவர்கள். நம் வீராங்கனைகளோ வங்கிகளிலும் முப்படைகளிலும் வேலை பார்த்துக்கொண்டு, நிறுவனங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆடிவிட்டு, உலகக் கிண்ணத்துக்குப் போகிறார்கள். தர்ஜினி மெல்பேர்னில் கழக மட்டத்தில் ஆடியிருக்கிறார் என்றாலும், ஒருவர் மட்டும் அப்படிப் போய்வருவதால் ஏழு பேரின் நடுக்களம் உருவாகிவிடாது. இந்த ஆட்டத்தின் விதிகளை நாடுகள் கூடிப் பொதுவாக வகுத்தது 1960இல் இலங்கையில்தான். அத்தகைய நாட்டில் இன்றுவரை ஒரு தொழில்முறைத் தொடர் இல்லாதது எனக்குத் தாங்க முடியாத குறையாகத் தெரிகிறது.

அவரது வாழ்க்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் யாழ்ப்பாணத்துப் பெண். போர்க் காலத்தில் வளர்ந்தவர். சிறு வயதில் உயரத்துக்காகக் கேலி செய்யப்பட்டதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெரும்பாலோர் சிங்களம் பேசும் தேசிய அணிக்குள் தமிழ்ப் பெண்ணாக நுழைந்து, போர் முடிந்த அதே 2009இல் ஆசியச் சம்பியன் பட்டம் வென்ற அணியில் ஆடினார். இதனால் அவரை இரு இனங்களுக்கும் இடையிலான உறவின் அடையாளமாகக் காட்டும் வழக்கம் ஊடகங்களில் உண்டு. எனக்கு அது உவப்பில்லை. உயரத்தை மட்டும் பார்ப்பவர் அவரது உழைப்பைக் காண்பதில்லை. அடையாளத்தை மட்டும் பார்ப்பவரும் அதைக் காண்பதில்லை. நீண்ட தொடர்களில் நாளுக்கு ஓர் ஆட்டமாக, அறுபது நிமிடங்கள், தன்னைவிட இளைய காவலர்கள் இருவரோடு இடத்துக்காகப் போராடியவர் என்றே அவரை முதலில் அறிய வேண்டும்.

2009க்குப் பிறகு இலங்கை மறுபடி ஆசியச் சம்பியன் ஆவதற்கு ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2018இல் சிங்கப்பூரில், சதுரங்கி ஜயசூரியவின் தலைமையில், ஓர் ஆட்டமும் தோற்காமல் இறுதிக்குச் சென்ற அணி, போட்டியை நடத்திய நாட்டை 69-50 என்று வென்றது. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் திணறிக்கொண்டிருந்தபோது அதே சிங்கப்பூரில் மீண்டும் பட்டம் கிடைத்தது. இரண்டு அணிகளிலும் தர்ஜினி இருந்தார். 2023இல் கேப் டவுனில் நடந்த உலகக் கிண்ணத்திலும் ஆடினார். இருபது வயதில் ஒருவரை அணிக்குள் கொண்டுவர உயரம் போதுமானதாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டியும் அதே இடத்தில் வைத்திருக்க அது போதாது. சொல்லப்போனால், குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் நீண்ட உடலின் முழங்கால்களுக்கும் முதுகுக்கும் சுமை கூடுதல்.

தம்பியிடம் 2018 இறுதி ஆட்டத்தின் காணொளியை, கிடைத்தால், ஒரு முறை பந்தைப் பார்க்காமல் தர்ஜினியின் கால்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

மகளின் விடயம் இதைவிட எளிதானது. அவள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. வளையத்தடியில் நின்று வருகிற பந்தைப் போடு என்பது மட்டுமே பயிற்சி என்றால் எந்தப் பிள்ளைக்கும் சலிக்கும். ஆசிரியையிடம் பேசிப் பாருங்கள். பயிற்சி ஆட்டங்களில் அவளைச் சில வேளை விங் அட்டாக்காகவும் சென்டராகவும் நிறுத்தலாம்; அரைவட்டத்துக்குள் பந்தைச் செலுத்துவது எவ்வளவு கடினம் என்று தெரிந்துகொண்ட சூட்டர், தனக்குப் பந்து தருபவருக்கு எங்கே நின்று உதவ வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்வார். நியூசிலாந்துக்கு ஆடிய கோல் சூட்டர் ஐரீன் வான் டைக்கின் உயரம் 1.90 மீற்றர்தான், அந்த இடத்தில் அவரைவிட உயரமானவர்கள் ஆடியிருக்கிறார்கள். தென்னாபிரிக்காவுக்கும் நியூசிலாந்துக்குமாக 217 சர்வதேச ஆட்டங்களில் அவரை நிலைநிறுத்தியது எறிதலின் துல்லியம். உங்கள் மகளும் நின்ற இடத்திலிருந்து மட்டும் எறியாமல், ஓடி வந்து, பக்கவாட்டில் பிடித்து, இரு கால்களில் எதை முதலில் ஊன்றினாலும் தடுமாறாமல் எறியப் பழகட்டும். முன்னே ஒருவர் 0.9 மீற்றர் தூரத்தில் கைகளை உயர்த்தி நிற்கட்டும். அந்த இடத்தில் மாமனை நிறுத்தினால் இன்னும் நல்லது.

அன்புடன்.